காய்ச்சல் வார்டுச் சிட்டு பாடிய பாட்டு

"ஹலோ… ஹலோ அண்ணே, நான்தான்… ரேடியோ ஸ்டேஷன் இசைத்தட்டு ரூம்ல இருந்து… ஆமா, தட்டுக்காரியேதான்… அண்ணே, போனைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க… திருப்புங்க… ஆங், இப்பக் கேக்குது."

சிரித்துவிட்டாள். சிரித்த வாய் மூடுவதற்குள் கண் மேசைப் பக்கம் போனது. மேசைமேல் பதினோரு இசைத்தட்டுகள். பதினொன்றிலும் ஒரே கிறிஸ்துமஸ் பாட்டு. தொழுவத்தில் பிறந்த பிள்ளையைக் கொல்ல ராஜாவின் படைவீரர்கள் தேடி வருகிறார்கள். தொழுவத்துக்கு மேலே நிற்கிற நட்சத்திரத்திடம், 'உன் விளக்கைக் கொஞ்சம் தணித்துக்கொள்' என்று தாய் கெஞ்சுகிற பாட்டு. பதினொன்றையும் தொகுத்து வெளியிடும் வேலை அவளுடையது. பாடியவர்கள் விவரம் எழுதிய அட்டை மாலை ஐந்து மணிக்கு அச்சுக்குப் போகிறது.

"சாப்பிட்டாச்சுண்ணே… மருமக பக்கத்துல இருக்காங்களா?… சும்மாதான் கேட்டேன்… கடைக்கா? எப்ப வருவாங்க?… சரி, சரி… அண்ணே, இன்னிக்கு மட்டும் என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாதீங்க… கோபமெல்லாம் ஒண்ணுமில்ல."

மறுமுனையில் இருந்தவர் கடைசல் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர். எழுபத்தெட்டு வயது. பதினொன்றில் மிகப் பழைய தட்டைப் பாடியது அவர் தங்கை என்று தேடிப் பிடித்திருந்தாள். ஆறு வயசுப் பிள்ளை. காய்ச்சல் வார்டில் படுத்தபடி இந்தப் பாட்டைப் பாடிவிட்டு, இரண்டாம் நாள், கிறிஸ்துமஸ் விடியலில் போய்விட்டதாம். தொற்று என்று உடம்பைக்கூடக் காட்டவில்லையாம். போட்டோ கிடையாது, துணிமணியும் கொளுத்திவிட்டார்கள். அந்த மனுஷனுக்கு மிஞ்சியது, 'காய்ச்சல் வார்டுச் சிட்டு' என்று பேர் போட்ட ஒரு தட்டும், அதில் மூன்று நிமிஷக் குரலும்.

"பாட்டோட பூர்வீகமா? எழுதிட்டேண்ணே… யார் கட்டினதுன்னு யாருக்கும் தெரியாது. முதல்ல அதுல நட்சத்திரமே இல்லையே. வெறும் தாலாட்டு. விளக்கைத் தணி, பிள்ளை தூங்கட்டும்னு. ராஜா, படை, தொழுவம் எல்லாம் பின்னாடி மாதா கோயில்ல சேர்த்தது… ஆமா, ஆமா… அந்தப் பெரிய குழு பாடினதா? ஐயோ, அம்பது பேர் சேர்ந்து கத்தினா பிள்ளை எங்க தூங்கும்!… ஆமாண்ணே. எல்லாத்துலயும் நம்ம சிட்டுதான் ஒசத்தி."

சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டாள். இனியும் தள்ளிப்போட்டால் வாய் வராது.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். தட்டு முடியறப்போ ஒரு மணி அடிக்குமில்ல?… அதேதான், ஆஸ்பத்திரி மணிக்கூண்டு. அது இன்னும் இருக்கு. நேத்து போய்ப் பதிவு பண்ணிட்டு வந்தேன்… ஒத்துப் பாக்கத்தான்… ஒத்து வரல. நேர்ல கேட்டா கனத்த மணி. தட்டுல கீச்சுன்னு கேக்குது… இல்லண்ணே, மணியை மாத்தல, விசாரிச்சேன். அன்னிக்குப் பதிவு மிஷின் மெதுவா ஓடியிருக்கு. நாம இத்தனை வருஷமா வேகமா ஓட்டிக் கேட்டிருக்கோம், அதான் கீச்சுங்குது… வேகத்தைக் குறைச்சேன். மணி சரியாயிடுச்சு… பாட்டா? பாட்டு… அண்ணே, அது குழந்தைக் குரல் இல்ல. பெரிய பொம்பளை."

ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்.

"திட்டுங்க… இன்னும் திட்டுங்கண்ணே… மிஷினுக்கு என்ன தெரியும், வாஸ்தவம்தான்… இல்ல, யார்கிட்டயும் மூச்சு விடல. அப்படியே விட்டுடலாம், அட்டையில சிட்டு பேரே இருக்கட்டும். அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். உங்ககிட்ட மறைச்சுட்டு அச்சுக்கு அனுப்ப என்னால முடியல… வேணாண்ணே, நீங்க கேக்க வேணாம்… சரி… சரி, போடறேன்."

வேகத்தைக் குறைத்தே தட்டைச் சுழலவிட்டு, ரிசீவரை ஒலிபெருக்கிப் பக்கம் நீட்டினாள். களைத்த குரல். தடித்த குரல். ராத்திரியும் பகலும் நின்று கால் வீங்கிப்போன ஒருத்தி, எங்கேயோ பார்த்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. முதல் அடி முடிந்ததும் நிறுத்தினாள்.

"அண்ணே?… இருக்கீங்களா?… என்னது? உங்களுக்குத் தெரிஞ்ச குரலா?… வார்டு வாசல்ல வந்து பேசுற நர்ஸா?… 'பாப்பா தூங்குது, எழுப்பக் கூடாது'ன்னு… தினமுமா… நல்லா ஞாபகம் இருக்கா? எட்டு வயசுதானே உங்களுக்கு… தேதி எதுக்குண்ணே?… தட்டுல இருபத்திமூணு… ஆமா. பதிவு பண்ணினவரோட நோட்டும் கிடைச்சுது… இல்ல, அதை விடுங்க… மிரட்டாதீங்கண்ணே… படிக்கறேன்."

நோட்டை எடுத்தாள். மை மங்கிய நான்கே வரி. மனப்பாடமே ஆகியிருந்தது, ஆனாலும் எழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் படித்தாள்.

"'பாடவிருந்த குழந்தை பத்தொன்பதாம் தேதி இறந்துவிட்டது. வார்டு நர்ஸ் பாடினார். குழந்தைக் குரலாகக் கேட்கும்படி மிஷினை மெதுவாக ஓட்டினோம். கிறிஸ்துமஸ் வரை வீட்டாருக்குச் சொல்ல வேண்டாம் என்றார் பெரிய டாக்டர்.' அவ்வளவுதாண்ணே… ஆமா, தெரிஞ்சேதான் பண்ணியிருக்காங்க. தப்பா ஓடிச்சுன்னு நான்தான் பூசி மெழுகினேன்… மன்னிச்சுடுங்க…"

நோட்டை மூடி ஓரமாக வைத்தாள். பிறகு அவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன பழம்?… ஆரஞ்சா… அம்மா மில்லு வேலைக்குப் போறப்ப உங்ககிட்ட குடுத்துட்டுப் போவாங்களா… பாப்பாவுக்கு… ம்… நர்ஸ் அதைத் திருப்பிக் குடுத்து… 'பாப்பா தூங்குது, நீயே சாப்பிட்டுடு'ன்னாங்களா… அண்ணே… இருபதுல இருந்து இருபத்திநாலு வரைக்கும்… அஞ்சு நாளா?… அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?… பாப்பா சாப்பிட்டுடுச்சுன்னா…"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையின் மூலப்படியைக் கிட்டே இழுத்தாள்.

"எழுதறேண்ணே, சொல்லுங்க… 'பாடியவர் வார்டு நர்ஸ்.' ம்… 'பாட வேண்டிய குழந்தை, வயது ஆறு, நான்கு நாளைக்கு முன்பே இறந்துவிட்டது.'… எழுதிட்டேன். போட வைக்கறேன், அது என் பொறுப்பு… ம்?… அதுவுமா?… 'அப்புறம் வந்த அஞ்சு பழத்தையும் தின்னது…' அண்ணே, இதை நான் எழுத மாட்டேன்… முடியாது… நீங்க எத்தனை சத்தம் போட்டாலும் முடியாதுன்னா முடியாதுதான்… பச்சைப் பிள்ளைண்ணே நீங்க! உங்களுக்கு யார் சொன்னா?… அண்ணே, அழுங்க, பரவாயில்ல… வைக்காதீங்க… அண்ணே, நான் தங்கச்சி சொல்றேன், வைக்காதீ—"

வைத்துவிட்டார்.