ஹால் விக்கிற பொண்ணு

இல்ல சார், அந்தப் பக்கம் போகாதீங்க. இப்பதான் தரை தொடச்சாங்க, வழுக்கும். இப்படி நம்ம ஆபீஸ்ல ஒரு நிமிஷம் உக்காருங்க, டீ வருது. கிளாசுக்கு நேரமாச்சுன்னு தெரியும் சார். பெரிய ஹால்தானே, அது எங்க ஓடிடப் போகுது?

நானா? ஸ்டூடண்ட் இல்ல சார், வணிகப் பிரிவுல அப்ரண்டிஸ். ஆமா, நம்ம யுனிவர்சிட்டிக்கு அப்படி ஒரு பிரிவு இருக்கு. இங்க இருக்கிற பாதிப் பேருக்கே தெரியாது. பாடம் நடக்காத நேரத்துல ஹால், மைதானம், கேன்டீன் மாடி எல்லாத்தையும் வெளியாளுங்களுக்கு வாடகைக்கு விடுறது எங்க வேலை.

வீட்ல கேட்டீங்கன்னா கதையே வேற. பொண்ணு யுனிவர்சிட்டிக்குப் போறான்னு எங்கம்மா தெரு முழுக்கத் தம்பட்டம் அடிச்சுட்டாங்க. எங்க அத்தை ஒருத்தங்க, அவங்க பையன் டாக்டருக்குப் படிக்கிறான்னு அம்மாவப் பாடாப் படுத்தினவங்க, வந்து என்னம்மா ஆராய்ச்சி பண்றேன்னு கேட்டாங்க. நாற்காலி அத்தைன்னேன். பொய்யா சார்? சேர்ந்ததிலேருந்து நாற்காலி தூக்கித் தூக்கித்தான் போட்டுக்கிட்டு இருக்கேன். ஏதோ பெரிய பாடம் போலன்னு நெனச்சு, அது எத்தன வருஷப் படிப்புன்னு கேட்டாங்க.

அப்பாடா, சிரிச்சீங்களே.

எங்க பிரிவ நடத்துற மேடத்தப் பாத்திருக்கீங்களா? ஒரு ரூம் காலியாக் கிடந்தா அவங்களுக்குச் சோறு இறங்காது. என் பயிற்சி இந்த வாரத்தோட முடியுது சார். நானும் இன்னொரு பையனும் இருக்கோம், வேலை ஒருத்தருக்குத்தான். அவன் போன வாரம் நீச்சல் குளத்த சினிமா ஷூட்டிங்குக்கு விட்டுட்டு, காலரத் தூக்கி விட்டுக்கிட்டுத் திரியிறான். நானும் பெருசா ஒண்ணு பிடிக்கலாம்னு பாத்தா, பெரிய ஹால் வருஷம் பூரா புக் ஆகியிருக்கு. பஸ் சீட்ல துண்டு போட்ட மாதிரி புரொபசருங்க நீங்கெல்லாம் இடம் போட்டு வெச்சுடுறீங்க. அப்புறம் அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கிறதில்ல.

பொதுவாச் சொன்னேன் சார். சரி, உங்களையும் சேத்துத்தான். உங்க நேரத்துல வாரா வாரம் போய் எட்டிப் பாத்தேன், புறாவத் தவிர ஒரு ஜீவன் இல்ல. உங்களுக்கு இருக்கிறது நாலு பசங்க, அவங்களுக்கு உங்க ரூம்லயே பாடம் நடத்திடுறீங்க. நடத்துங்க, யாரு வேணாங்கிறா? ஆனா இன்னைக்குன்னு பாத்தா வந்து நிக்கணும்?

ஓ, புதுத் துறைத்தலைவர் சொன்னாரா? பயன்படுத்தாத ஹால எல்லாம் பிடுங்கிடுவேன்னா? அவருக்கு வேற வேலை இல்ல சார். நீங்க டீயக் குடிங்க, ஆறிடப் போகுது.

சத்தமா? ஆமா, ஹால்லேருந்துதான் வருது. கோவப்படாமக் கேளுங்க. ஒரு மெத்தை கம்பெனி சார். அவங்க கடைக்காரங்க எல்லாரையும் வரவெச்சு, புது மெத்தையில படுத்துப் பாக்கச் சொல்றாங்க. நாற்காலிய ஓரங்கட்டிட்டு வரிசையா மெத்தை போட்டிருக்கோம். உங்க பசங்களா? பாடம்னு சீக்கிரமே வந்துட்டாங்க. அவங்களும் உள்ளதான், நல்ல இடமாப் பாத்துப் படுத்திருக்காங்க.

ஐயோ உக்காருங்க சார்! நீங்க இப்ப மேடம்கிட்டப் போனா என் கதை முடிஞ்சுது. எனக்கு அந்த வேலை வேணும் சார். இது மட்டும் விளையாட்டாச் சொல்லல. இத்தன நாள் சிரிச்சுக்கிட்டே திரிஞ்சாலும் உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டேதான் இருக்கேன். வீட்டுக்குப் போய் அம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

உங்களுக்கும் வழி பண்ணித்தான் வெச்சிருக்கேன். அந்தக் கம்பெனிக்காரர் காலைலேருந்து ஒரே புலம்பல். படுத்தவங்க எல்லாம் செல்போன நோண்டிக்கிட்டே கிடக்காங்க, ஒருத்தரும் கண்ண மூடல, இப்படி இருந்தா இந்த மெத்தைய எவன் வாங்குவான்னு தலையில கை வெச்சுட்டாரு. உங்க பசங்கதான் அவருக்கு ஆறுதல் சொன்னாங்க. எங்க சார் வரட்டும், பாறை எப்படி உருவாச்சுன்னு ஆரம்பிக்கட்டும், அப்புறம் பாருங்கன்னாங்க. திட்டாதீங்க சார், பாசத்துல சொன்னதுதான். நானும் சட்டுன்னு பேசி முடிச்சுட்டேன்.

ஆமா சார், உங்களையும் சேத்து வித்துட்டேன்.

யோசிச்சுப் பாருங்க. உங்க ஹால், உங்க நேரம், உங்க பாடம். துறைத்தலைவர் வந்து எட்டிப் பாத்தா ஹால் நிறைய ஆளு! அப்புறம் யாரு பிடுங்குவா?

எழுந்துட்டீங்களே, எந்தப் பக்கம் சார்? ஹாலுக்கா? அப்படிச் சொல்லுங்க! வாங்க, நானே மைக் மாட்டி விடுறேன். ஒண்ணே ஒண்ணு சார், நடுவுல ஜோக் கீக் எதுவும் சொல்லிடாதீங்க. யாராவது முழிச்சுக்கப் போறாங்க.