ஓடையோரத்துத் தாவிகள்

வாழை இலையில் ஒரு கிழிசல் இருந்தால் கல்யாண வீட்டில் வாங்க மாட்டார்கள், ஐயா. சுருளிப்பட்டியில் நானும் என் தம்பி முத்துக்குமரனும் இலைக்காகத்தான் வாழை போட்டிருந்தோம். அப்பா போனபிறகு அவனைப் படிக்க வைத்து ஆளாக்கியவன் நான். என் பேச்சை அவன் தட்டியது ஒரே ஒரு விஷயத்தில்தான்.

மருந்தடிக்க விடவில்லை. புழு இலையைச் சுருட்டிச் சுருட்டித் தின்றது. தோட்டத்துக்கு மேலே ஓடையோரம் ஒருவகைப் பட்டாம்பூச்சி வரும். தாவி என்பான் அவன். நீலமும் பச்சையுமாக, வாலடியில் ஆரஞ்சு தடவியதுபோல இருக்கும். ஓரிடத்தில் நிற்காது, துள்ளிக்கொண்டே திரியும். அதுகள் மேல் அவனுக்கு உயிர். நம் இலையைத் தின்பது இதன் புழுதானே என்று கேட்டேன்.

"இல்லண்ணே, அது பழுப்புத் தாவி, வேற சாதி. இதுக காட்டுச் செடியத்தான் தின்னும். ஆனா நாம மருந்தடிச்சா காத்துல இதுகளும் செத்துரும். இந்த ஒரு வருசம் பொறுங்கண்ணே."

"ஏலே, பூச்சிக்காக வெள்ளாமையக் கெடுக்குறவன் இங்கன எவனாச்சும் இருக்கானா?"

சிரித்தான். எனக்குக் கோபம் வரவில்லை.

தாவிகளைக் கிட்டே வரவழைக்க அவனிடம் ஒரு வழி இருந்தது. மெல்லிய காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து, வாயில் போட்டு எச்சிலில் ஊறவைத்து, பாறைமேல் ஒட்டுவான். பறவை எச்சம் என்று நம்பி அதுகள் வந்து உறிஞ்சும். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், ஐயா. இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த காலத்தில் நான் பார்த்த அதே முகம்.

தாவிகள் ஒழிந்தால் அவன் பிடிவாதமும் ஒழியும், தோட்டம் பிழைக்கும் என்று நினைத்தேன். நியாயம்தானே? அவனுடைய காகிதத்தை, வாழைக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தில் நனைத்தேன். வாடை போகக் காயவிட்டு, அவன் பையிலேயே திரும்ப வைத்தேன்.

காலையில் அவன் பின்னாலேயே போனேன். வாழை மறைவில் நின்றேன். கிழித்தான், வாயில் போட்டான். ஒரு குரல் கொடுத்திருந்தால் துப்பியிருப்பான். கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். அண்ணே என்று கூப்பிட்டான். போய் மடியில் போட்டுக்கொண்டேன். எதுக்குண்ணே அழுவுறீங்க என்று கேட்டான், ஐயா. அதுதான் அவன் கடைசிப் பேச்சு. அவன் நெற்றி வேர்வையில் இரண்டு தாவிகள் வந்து உட்கார்ந்தன. நான் விரட்டவில்லை.

அவன் வாயில் போடுவான் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். தினமும் பார்த்ததுதான். ஆனால் ஒன்றை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். மருந்து நான் பூச்சிக்குத்தான் வைத்தேன்.