கலையாத படுக்கை

ஆமாம்மா, நேத்து சாயந்திரம் மூணு தடவ கதவத் தட்டுனது நான்தான். முதல் தடவ துண்டு குடுக்க. ரெண்டாவது தடவ கணப்பு எரியுதான்னு பாக்க. மூணாவதுக்கு ஒரு சாக்கும் கெடைக்கல, சும்மா மொகத்தப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். கோவிச்சுக்காதீங்க. ஒரு வருஷமா எல்லாரையும் அப்படித்தான் பாக்கறேன். இந்த வீட்டுக்கு நடந்து வர்றவங்க யாரா இருந்தாலும் நேரா அடுப்படிக்கு வரணும், என் கையத் தொட்டு அப்போலோனியா, நான் வந்துட்டேன்னு சொல்லணும். பாதிப் பேர் சிரிப்பாங்க. நீங்க சிரிக்கல. கையக் குடுத்துட்டு ரொம்ப நேரம் விடாம நின்னீங்க.

உக்காருங்க. ரொட்டியத் தொடவே இல்லயே. தக்காளி தேச்சு எண்ணெய் ஊத்தித் தரேன், இருங்க. எதுக்கு இவ்வளவு அவசரம்? வேன்காரன் தொமேவ் உங்க பைய அடுத்த ஊருக்குக் கொண்டு போக ஒம்பதரைக்குத்தான் வருவான். அவன் வந்தா நீங்க கெளம்பணும்னு ஒண்ணும் இல்ல. பை பாட்டுக்குப் போகும்.

பை பாட்டுக்குப் போகும். அதான் தொல்லையே.

அந்த ஜன்னலப் பாருங்க. நேத்து நீங்க எறங்கி வந்த மலை எங்க? காணோம்ல? கணவாய்ல மேகம் வந்து உக்காந்துடுச்சுன்னா அவ்வளவுதான், நீட்டுன கை தெரியாது. உங்க நடைப்பயணக் கம்பெனிக்காரன் குடுத்த வழித் தாள்ல என்ன போட்டிருக்கு? பெரிய ஓக் மரத்துக்கிட்ட இடப்பக்கம் திரும்பு, சுண்ணாம்புக் காளவாயத் தாண்டி எறங்குன்னு போட்டிருக்கா? மேகத்துல மரம் எது, இடப்பக்கம் எது? வெயில் காலத்துல மயோர்க்காவுக்கு வர்றவன் கடல்ல குளிச்சிட்டுப் போயிடறான். குளிர்காலத்துல வர்றவங்கதான் நடக்கறாங்க. கூட வழிகாட்டி வேண்டாம், துணை வேண்டாம், தாள் போதும். நல்லாத்தான் இருக்கு. நான் குத்தம் சொல்லல, எனக்கும் சோறு போடறது அதுதான். ஆனா யாரு எங்க இருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது. பை எங்க இருக்குன்னு மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நிமிஷம்.

ஒண்ணுமில்ல, பசங்கதான். சதுக்கத்துல நின்னு விசில் ஊதறானுங்க. வாசல்ல போயிப் பாத்துட்டு வந்தேன். இன்னிக்கு வனத்து அந்தோணியார் திருநாளுக்கு முந்தின நாள் இல்லையா, வெறகு அடுக்கறாங்க. பொழுது சாஞ்சா நெருப்பு வச்சு, பேய் வேஷம் கட்டி, மேளம் அடிச்சு, ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காது. முன்னெல்லாம் நானும் ஆடுவேன். இப்ப விசில் சத்தம் கேட்டாலே கையில இருக்கறது கீழ விழுந்துடுது. நேத்து ஒடஞ்ச தட்டு அப்படித்தான்.

போன வருஷம் இதே நாள்தான். உங்களுக்குத் தெரியுமா? தெரியும். சரி.

ஒரு அம்மா வரவேண்டியிருந்துச்சு. தனியா. அறுபத்தஞ்சு வயசுன்னு பதிவுல போட்டிருந்துச்சு, வாத்தியாரம்மாவா இருந்தவங்கன்னு பிற்பாடு தெரிஞ்சுது. மத்தியானம் மூணு மணிக்கு தொமேவ் வேன்ல பை வந்துச்சு. நடக்கறவங்க அஞ்சு மணிக்கு முன்னாடி வர மாட்டாங்க. எனக்கோ சதுக்கத்துல வேலை. சாசேஜ் சுடறதுக்கு என்னைத்தான் போட்டிருந்தாங்க. வயசான அம்மாவாச்சே, மாடிக்குத் தூக்கக் கஷ்டப்படுவாங்கன்னு பைய நானே தூக்கிட்டுப் போயி ரூம்ல வச்சேன். அடுப்புல முட்டைக்கோஸ் சூப்பு, பக்கத்துல ஒரு தட்டு, மேல ஒரு துண்டுக் காயிதம். கதவப் பூட்டாம போயிட்டேன். இந்த ஊர்ல யாரும் பூட்ட மாட்டோம்.

திரும்பி வர்றப்ப சூப்புச் சட்டி காலி. தட்டு கழுவாம கெடந்துச்சு. சரி, வந்துட்டாங்க, சாப்பிட்டுப் படுத்துட்டாங்கன்னு நெனச்சேன். மாடி ஏறிப் பாக்கல. தூங்கற மனுஷிய எதுக்கு எழுப்பணும்? மரியாதைன்னு நெனச்சேன்மா. சத்தியமா மரியாதைன்னுதான் நெனச்சேன்.

காலைல நாங்க எழுந்தப்ப ஒம்பது மணி. மாடிக்குப் போனா ஆளக் காணோம், பை மட்டும் இருக்கு. இவங்கல்லாம் விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிடறவங்கதானே. கட்டில் விரிப்பு ஒரு சுருக்கம் இல்ல. சோப்பு நனையல. துண்டு மடிச்சது மடிச்சபடி. வழிக்குன்னு கட்டி வச்ச ஆரஞ்சக்கூட எடுத்துக்கல. என்ன ஒரு பொம்பளைன்னு அசந்து போயிட்டேன். தன் படுக்கையத் தானே சரி பண்ணிட்டுப் போற விருந்தாளிய இருவது வருஷத்துல நான் பாத்ததே இல்ல. ரொட்டிக் கடைல, கோயில்ல, எல்லார்கிட்டயும் சொல்லிப் பெருமப்பட்டேன். பொறந்தா அப்படிப் பொறக்கணும்னேன். விரிப்பத் தோய்க்கக்கூட இல்ல. அப்படியே அடுத்த ஆளுக்கு விட்டேன். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

பைய கீழ கொண்டாந்து வச்சேன், தொமேவ் வந்து எடுத்துட்டுப் போயிட்டான். அடுத்த ஊர்ல தங்கற வீட்டுல ஒரு ராத்திரி இருந்துச்சு அந்தப் பை. அதுக்கடுத்த வீட்டுல ஒரு ராத்திரி. வாடகைய முன்னாடியே கட்டிடறாங்க, சாப்பாடு வெளியவே சாப்பிடறாங்க, யாரு யாரத் தேடறா? கூச்ச சுபாவம் போலிருக்குன்னு ஒவ்வொருத்தரும் நெனச்சிருக்காங்க. அப்படியே நாலு வீடு தாண்டி, கடைசில விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டல்ல போயி அந்தப் பை நின்னுச்சு. விமானம் போயிடுச்சு, பை போகல. அப்பத்தான் அவங்க பொண்ணு போன் மேல போன் போட்டிருக்கு.

காபி ஆறுது. குடிங்க.

அங்க யாருன்னு பாக்கறீங்களா? கியெம், என் புருஷன்தான். பின்னாடி ஆட்டுக்குத் தீனி போட்டுட்டிருக்கான். அவன் உங்க முன்னாடி வர மாட்டான். ஏன்னா அந்த சூப்பக் குடிச்சது அவன். நெருப்பு வேடிக்கைல பாதியில வீட்டுக்கு வந்து, குடிச்ச வேகத்துல பசி, சட்டியோட காலி பண்ணிட்டுத் திரும்பப் போயிருக்கான். மூணாம் நாள் பேச்சுவாக்குல சொன்னான், அன்னிக்கு சூப்புல உப்பு கம்மின்னு. நான் மாடிக்கு ஓடி அந்தக் கட்டிலப் பாத்தேன். சுருக்கம் இல்லாத விரிப்பு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

அப்பவே சொல்லியிருக்கலாமேங்கறீங்களா? சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் பெருமையடிச்ச வாய். ஆளே வரல, நான் வெறும் பையத் தூக்கி அனுப்பினேன்னு எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன். பை போயிருக்கே, அடுத்த வீட்டுக்காரி பாத்திருப்பா, அவங்க நல்லாத்தான் நடந்துட்டிருப்பாங்கன்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

ஆறாம் நாள் போலீஸ் வந்துச்சு. மத்த வீட்டுக்காரங்க எல்லாம் நாங்க கண்ணால பாக்கலன்னு ஒத்துக்கிட்டாங்க. என்னைக் கேட்டாங்க. இந்த வீட்டுல தூங்குனாங்களா? தூங்குனாங்கன்னேன். பாத்தீங்களா? பாத்தேன். சூப்பு குடிச்சாங்களா? ரெண்டு தட்டு குடிச்சாங்க, உப்பு கம்மியா இருக்குன்னு சிரிச்சாங்கன்னேன். எங்கிருந்து வந்துச்சோ அந்தச் சிரிப்பு. கையெழுத்தும் போட்டேன். அதனால அவங்க எங்க தேடினாங்க? இங்கிருந்து மேற்க. பதினஞ்சு நாள் ஹெலிகாப்டர் மேற்கயே சுத்துச்சு. கெழக்குப் பக்கம், அவங்க எறங்கி வரவேண்டிய பக்கம், ஒரு நாய்கூடப் போகல.

ஏப்ரல் மாசம் காட்டுக்கீரை பறிக்கப் போனவன்தான் பாத்தான். கணவாய்க்குக் கீழ பழைய பனிக்குழி இருக்கு, அந்தக் காலத்துல பனிய மிதிச்சு சேத்து வச்ச குழி. இங்கிருந்து நாப்பது நிமிஷம். கால் ஒடஞ்சிருந்துச்சு. கழுத்துல ஒரு விசில்.

சரி, காலைல இங்கிருந்து கெளம்பி வழிதவறித் திரும்பி ஏறியிருக்காங்க, விழுந்தவுடனே உயிர் போயிருக்கும்னு எழுதி முடிச்சிட்டாங்க. நான் சொன்னத வச்சுத்தான்.

விழுந்தவுடனே போகலம்மா. திருநாளன்னிக்குக் காலைல கொடில துணி போடறேன், மலைப்பக்கத்துல இருந்து விசில் சத்தம். நின்னு நின்னு வருது. பசங்க இன்னும் அடங்கலன்னு திட்டிக்கிட்டே கிளிப்ப மாட்டினேன். மறுநாளும் கேட்டேன். கொஞ்சமா.

எந்திரிக்காதீங்க. இன்னும் ஒண்ணு இருக்கு. அந்த அலமாரில கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு கார்டு இருக்குல்ல, பொண்ணு எழுதினது. அம்மா கடைசியா சூடா சாப்பிட்டு, சிரிச்சு, நிம்மதியாத் தூங்கின வீடு உங்க வீடு, ரொம்ப நன்றின்னு. தெனம் அடுப்பு மூட்டறப்ப அதப் படிக்கறேன். எரிக்கவும் கை வரல.

நேத்து மூணு மணிக்கு தொமேவ் பையக் கொண்டாந்து படிக்கட்டுல வச்சான். பச்சப் பை. ஒரு சக்கரம் ஒடஞ்சது, கைப்பிடில செவப்புக் கம்பளி நூல். அவனுக்கு எங்க ஞாபகம், தெனம் நாப்பது பை தூக்கறான். எனக்குத் தெரியாதா? போன வருஷம் நான் ரெண்டு தடவ தூக்குன அதே பை. ஆறு மணிக்கு நீங்க வர்ற வரைக்கும் அது பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எதுக்கு அதே ரூம் வேணும்னு எழுதினீங்க, எதுக்கு முட்டைக்கோஸ் சூப்பு கேட்டீங்கன்னு அப்பவே தெரிஞ்சுது. மூணாவது தடவ கதவத் தட்டுனப்ப அந்தத் தலகாணில மொகத்தப் பதிச்சிருந்தீங்க. அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல.

உங்கம்மா அந்தக் கட்டில்ல படுக்கவே இல்லம்மா.

தொமேவ் ஹாரன் அடிக்கறான். அடிக்கட்டும். நீங்க போலீசக் கூப்பிடணும்னா போன் அங்க இருக்கு, நானே நம்பர் போட்டுத் தரேன். ஆனா அந்தப் பைய இன்னிக்கு நான் அவன்கிட்ட குடுக்க மாட்டேன்.