மீன்பிடிக் கந்தோர் உத்தியோகம்

...சைவப் பெடியன், தங்கச்சி! வெள்ளிக்கிழமை மட்டுமில்லை, ஏழு நாளும் எங்கடை வீட்டிலை மரக்கறிதான். மானிப்பாய்ச் சந்தையிலை மீன் விக்கிற பக்கத்தாலை போகச் சொன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுறவன். அவன் இப்ப நோர்வேயிலை மீன் வெட்டுறானாம், மீன்!

கொஞ்சம் உங்காலை தள்ளி இருங்கோ... ஓம், காணும். இந்த மினிபஸ்காரன் இன்னும் பத்துப் பேரை அடையாமல் யாழ்ப்பாணத்தை விட்டு எடுக்கமாட்டான். நீங்களும் மானிப்பாய்க்குத்தானே? நல்லதாப் போச்சு, கதைச்சுக்கொண்டு போவம்.

என்ன சொல்லிக்கொண்டு வந்தனான்... ஆ, என்ரை மூத்தவன், பஞ்சலிங்கம். ஆமிக்காரர் ரவுண்டப்பிலை பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு எண்பத்தைஞ்சிலை நான்தான் அழுதழுது அனுப்பினனான். இஞ்சை இருக்கேக்கை, வெங்காயத்துக்குத் தண்ணி மாறடா எண்டால் முதுகு நோகுதெண்டு குப்புறப் படுப்பான். அங்கை எட்டு மணித்தியாலம் நிண்ட நிலையிலை வேலையாம்! அது முடியப் பள்ளிக்கூடம் ஒண்டையும் கூட்டித் துடைக்கிறானாம். கடிதம் எழுதப் பஞ்சி, கசெற்றிலை கதைச்சு அனுப்புவான். ஏன் சிரிக்கிறியள்? எனக்கும் அதைக் கேக்கேக்கை சிரிப்புத்தான் வந்தது... பேந்து அழுதனான்.

அந்த ஊர்ப் பெடியள் எல்லாம் பட்டணத்துக்குப் போட்டாங்களாம். மீன் ஃபக்டரியைப் பூட்டப் பாத்தவையாம். எங்கடை பெடியள் இருவது பேர் போய் இறங்கினாப் பிறகு இப்ப ரெண்டு ஷிப்டு ஓடுதாம், பாருங்கோவன். மூடின பேக்கரியைத் திறந்திட்டாங்களாம். கடைக்காரன் செத்தல் மிளகாய் எடுப்பிக்கிறானாம்! முதலாளி வீடு தேடி வந்து, உன்ரை ஊரிலை இன்னும் ஆக்கள் இருக்கினமோ எண்டு கேட்டவராம். இஞ்சை உவன்ரை தேப்பன் தோட்டத்துக்கு ஒரு ஆள் கிடைக்காமல் சைக்கிளிலை நாயாய் அலையிறார்.

வரியைக் கேளுங்கோ. சம்பளத்திலை மூண்டிலை ஒரு பங்கு அப்பிடியே போகுதாம். ஏனடா எண்டால், கிழடுகளுக்குப் பென்சன், ஆசுப்பத்திரி எண்டு பெரிய விளக்கம். ஆரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்ரை பிள்ளையின்ரை உழைப்பிலை கால்நீட்டி இருந்து கோப்பி குடிக்கிறா. பெத்தவள் இதுக்கை புழுங்கிச் சாகிறன்... சரி, குடிக்கட்டும், அவவும் ஒரு தாய்தானே.

உதை ஊருக்குள்ளை சொல்லேலுமோ? நீங்கள் பிறத்தி ஆள், எங்கடை பக்கம் கண்டதில்லை, அதாலை சொல்லுறன். பெடியனுக்குப் பொம்பிளை பாக்கிறம். நான் தரகர் தம்பிஐயாவிட்டை, மீன்பிடிக் கந்தோரிலை மேசை கதிரை போட்ட பெரிய உத்தியோகம் எண்டு சொல்லிப்போட்டன். மெய்யே, அதுக்கேத்த மாதிரி கழுத்திலை ரை கட்டிப் படம் எடுத்து அனுப்படா எண்டும் எழுதினனான். அவன் படத்தை அனுப்பினான். கசெற்றிலை என்ன சொல்லுறான் தெரியுமே? "அம்மா, உள்ளதைச் சொல்லிப் பொம்பிளை கேளுங்கோ" எண்டு. விசரன்! உள்ளதைச் சொன்னால் சாவகச்சேரிச் சைவக் குடும்பம் பெட்டையைத் தருமோ?

என்ன தங்கச்சி, முகம் ஒரு மாதிரிப் போச்சு... வெக்கையோ? யன்னலைத் திறவுங்கோ. மானிப்பாயிலை ஆற்றை வீட்டை போறியள்?... சிவக்கொழுந்து வீட்டையோ?... பெறாமகளுக்கு, தமக்கையின்ரை பெட்டைக்கு, பேசின மாப்பிள்ளையை அயலட்டையிலை விசாரிக்கவோ?...

முருகா!

நான்தானம்மா அந்தச் சிவக்கொழுந்து.

எழும்பாதேங்கோ... இல்லை, இறங்கிறதெண்டால் இறங்குங்கோ, நான் மறிக்கேல்லை. எங்கடை ஒழுங்கை முழுக்க நீங்கள் விசாரிச்சிருந்தாலும் ஒருத்தரும் உதைச் சொல்லியிருக்காயினம். என்ரை வாய்தான்...

ஒண்டு மட்டும், தங்கச்சி. மீன் வெட்டுறான் எண்டு தாராளமாப் போய்ச் சொல்லுங்கோ. பூட்ட இருந்த ஒரு ஊரை எங்கடை பெடியள் தாங்கிப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள் எண்டதையும் சொல்லுங்கோ. அதுக்கு வெக்கப்பட்டவள் நான், அவன் இல்லை. பெடியன் ஒரு பொய்யும் சொல்லேல்லை, தாய்க்காரிதான் சொன்னவள் எண்டு அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லிவிடுங்கோ.