அக்கா பேரில் ஒரு ஸ்கேன்

அக்கா: காலை ஆட்டாதடி. பெஞ்சே ஆடுது.

தங்கச்சி: நான் எங்க ஆட்டுறேன்? அதுவா ஆடுது.

அக்கா: சரி, மறுபடியும் கேக்கறேன். வயசு?

தங்கச்சி: முப்பத்தொண்ணு...

அக்கா: அது உன் வயசு!

தங்கச்சி: ஐயோ... முப்பத்தெட்டு. ஒரே ராத்திரியில ஏழு வயசு கூடிப் போச்சு எனக்கு. யாராவது நம்புவாங்களா?

அக்கா: நம்புவாங்க. இஸ்திரிப் பெட்டி முன்னால நின்னு நின்னு மூஞ்சி வதங்கித்தான் கிடக்கு. எங்க வேலை?

தங்கச்சி: சட்டை ஃபேக்டரி. காலர் தைக்கிற லைன்.

அக்கா: எத்தனை வருஷமா?

தங்கச்சி: கழுத்து வலி வந்த நாள்லேருந்து.

அக்கா: விளையாடாத. உள்ள போய் இப்படிப் பேசினா ரெண்டு பேரும் கம்பி எண்ணணும்.

தங்கச்சி: பன்னெண்டு வருஷமா. போதுமா?

அக்கா: வீட்டுக்காரர் என்ன பண்றார்?

தங்கச்சி: மாமா வந்து...

அக்கா: பாத்தியா! மாமாவாம். மாட்டிக்கிட்ட.

தங்கச்சி: இதுல என்ன மாட்டிக்கிட்டேன்? ஊர்ல பாதிப் பொண்டாட்டிங்க புருஷனை மாமான்னுதான் கூப்பிடுறாங்க.

அக்கா: நீ இருக்கியே... எதைக் கேட்டாலும் மடியில ஒரு பதிலைக் கட்டி வச்சிருப்ப.

தங்கச்சி: பொய் சொல்றதுன்னா நான், மாட்டிக்கிறதுன்னா நீ. சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணினது யாரு? நான். அம்மா ஒரு அதட்டு போட்டதும் அழுதது யாரு?

அக்கா: மெதுவாப் பேசு. நர்ஸ் வருது.

நர்ஸ்: இருபத்திரண்டாம் நம்பர் யாரும்மா?

அக்கா: நா... இல்ல, இவ... இவங்க.

தங்கச்சி: நான்தான் நர்ஸம்மா.

நர்ஸ்: கார்டைக் காட்டுங்க. ம்ம்... முப்பத்தெட்டா? இந்த போட்டோவுல இருக்கிற மாதிரியே இருக்கீங்களே. வயசே ஏறலையா?

தங்கச்சி: அதெல்லாம் கழுத்துக்கு மேலதான். முதுகைக் கேளுங்க, அறுபதுன்னு சொல்லும்.

நர்ஸ்: நல்லாத்தான் பேசுறீங்க. இவங்க யாரு?

தங்கச்சி: என் தங்கச்சி. துணைக்கு வந்திருக்கா.

நர்ஸ்: தங்கச்சியா! சரி... உள்ள மெஷின்ல ஆள் இருக்கு. முடிஞ்சதும் கூப்பிடுறேன். எழுந்து எங்கயும் போயிடாதீங்க.

அக்கா: அடிப்பாவி. பாதித் தலை நரைச்சவளைத் தங்கச்சின்னுட்டியே!

தங்கச்சி: பின்ன அம்மான்னா சொல்லச் சொல்ற? நீ 'நா'ன்னு வாயைத் திறந்ததும் என் உயிரே போயிடுச்சு. பழக்க தோஷத்துல கையைத் தூக்கிடாதே தாயே.

அக்கா: இனிமே வாயையே திறக்கல.

தங்கச்சி: அதான் எனக்கு ஆச்சரியம். உனக்குப் பொய்யே வராது. வந்தாலும் காது ரெண்டும் சிவந்துடும். ஃபேக்டரி டாக்டரம்மாவை எப்படித்தான் ஏமாத்தினியோ?

அக்கா: எத்தனை தடவை சொல்றது? உனக்கு இருக்கிறதை எனக்குன்னு சொன்னேன். ஸ்கேன் எடுத்துப் பாருங்கன்னு எழுதிக் கொடுத்தாங்க. முடிஞ்சுது.

தங்கச்சி: தொட்டுப் பாத்திருப்பாங்களே. ஒண்ணுமில்லாத இடத்துல எப்படிம்மா கட்டின்னு கேக்கலையா?

அக்கா: ஏதோ... நடிச்சேன். விடேன். தண்ணி வேணுமா?

தங்கச்சி: குடிச்சாச்சு. குடிச்சுக் குடிச்சு நாலு தடவை அந்தப் பக்கம் போயிட்டு வந்தாச்சு. நீ ஏன் ஒரு கையாலயே பாட்டிலைத் திறக்கப் பாக்கற? கொடு.

அக்கா: இடது கை கொஞ்சம் வலிக்குது. மெஷின்ல இடிச்சுக்கிட்டேன்.

தங்கச்சி: எப்ப?

அக்கா: இப்பதான்... போன வாரம். உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார்?

தங்கச்சி: அவரு என்ன சொல்லுவார்? லோடு வண்டியை வித்துடலாம், வெளியிலயே ஸ்கேன் எடுத்துடலாம்னார். வண்டியை வித்து என்னைப் பாத்தா, அப்புறம் எதை ஓட்டி என் வாயில சோறு போடுவார்னு கேட்டேன். ஸ்கேன் ஒண்ணுக்கே எங்க ரெண்டு மாச வாடகை கேக்கறாங்க.

அக்கா: அதுக்குத்தானே இந்தக் கார்டு.

தங்கச்சி: உன் கார்டு. ஃபேக்டரில உழைக்கிறவளுக்கு மட்டும்தான். கூடப் பொறந்தவளுக்கு இல்ல. அதுவும் வருஷத்துக்கு ஒரு ஸ்கேன்தான்னு எழுதியிருக்கு. இதை எனக்குக் கொடுத்துட்டா உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா?

அக்கா: எனக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன்.

தங்கச்சி: காது ஏன் சிவக்குது?

அக்கா: புழுக்கம். அந்த ஃபேன் அவங்க பக்கமே சுத்துது பாரு.

தங்கச்சி: சரி, இதைச் சொல்லு. உள்ள ஏதாவது இருக்குன்னு வந்துட்டா? அப்புறம் ஆபரேஷனும் உன் பேர்லயா? மருந்து உன் பேர்ல, முடி கொட்டுறது என் தலையிலயா? ஃபேக்டரில உன்னை நோயாளின்னு வெளிய அனுப்பிடுவாங்கக்கா.

அக்கா: அதை அப்பப் பாத்துக்கலாம். முதல்ல என்னன்னு தெரியட்டும். நீ அந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்க் கேட்டிருக்கலாம்.

தங்கச்சி: அங்க எவ போவா? ஸ்கேனுக்குத் தேதி வாங்கவே மாசக்கணக்கா அலையணுமாம். தினமும் லீவு போட்டா லாண்டரிக்காரர் வேற ஆளை நிறுத்திடுவார். அந்தப் பக்கமே நான் போகல... அக்கா.

அக்கா: என்னடி?

தங்கச்சி: அம்மாவுக்கும் முதல்ல வலியே இல்லதானே?

அக்கா: ஆரம்பிச்சுட்டியா?

தங்கச்சி: எனக்கும் வலியே இல்லக்கா. வலிச்சா கூட பயம் கொஞ்சம் குறையுமோ என்னவோ. குளிக்கிறப்ப வேணும்னே கையை அந்தப் பக்கம் கொண்டு போக மாட்டேன். ஆனா கை கேக்காது. போய்ப் போய்த் தொட்டுப் பாக்கும். இன்னைக்கு இருக்கா, கரைஞ்சு போச்சான்னு.

அக்கா: கட்டின்னா எல்லாம் அதுவேதானா? கொழுப்புக் கட்டியா இருக்கும். உனக்குத்தான் கொழுப்புக்குக் குறைச்சலே இல்லையே.

தங்கச்சி: சிரிப்பு வரலக்கா.

அக்கா: எனக்கும் வரல. சும்மா சொன்னேன்.

நர்ஸ்: இருபத்திரண்டு! வாங்கம்மா. இடது பக்கம்தானே?

தங்கச்சி: இல்ல நர்ஸம்மா. வலது பக்கம்.

நர்ஸ்: இதுல இடதுன்னு இருக்கே?

அக்கா: மாத்தி எழுதிட்டாங்க! அவசரத்துல... கை தவறி எழுதிட்டாங்க. வலதுதான். வலது பக்கம்தான் எடுக்கணும்.

நர்ஸ்: தங்கச்சி ஏன் இப்படிப் பதறுறீங்க? மாத்தி எழுத இது என்ன மளிகைச் சாமானா? படமே வரைஞ்சு, அக்குளுக்குக் கீழ வட்டம் போட்டு, அவசரம்னு வேற எழுதியிருக்காங்க. இருங்க, உள்ள டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரேன்.

தங்கச்சி: அவசரமா?

அக்கா: நான் போய்ச் சொல்லிட்டு வரேன். நீ உக்காரு.

தங்கச்சி: நீ உக்காரு.

அக்கா: கையை விடுடி, எல்லாரும் பாக்கறாங்க.

தங்கச்சி: பாக்கட்டும். டாக்டரம்மாகிட்ட எந்தப் பக்கம்னு சொன்ன?

அக்கா: வலதுன்னுதான் சொன்னேன். சத்தியமா.

தங்கச்சி: உன் இடது கை எந்த மெஷின்ல இடிச்சுது?

அக்கா: அது...

தங்கச்சி: என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.

அக்கா: வலதுன்னுதான்டி சொன்னேன். நீ சொன்னதை அப்படியே ஒப்பிச்சேன். நெல்லிக்காய் அளவு, வலி இல்ல, மூணு மாசமா இருக்குன்னு. அவங்க தொட்டுப் பாத்தாங்க. இங்க ஒண்ணுமில்லையேம்மான்னாங்க. சரி, மாட்டிக்கிட்டோம், எழுந்து ஓடிடலாம்னு பாத்தேன்.

தங்கச்சி: அப்புறம்?

அக்கா: எதுக்கும் அந்தப் பக்கமும் பாத்துடறேன்னாங்க.

தங்கச்சி: அக்கா...

அக்கா: அவங்க கை அங்கயே நின்னுடுச்சு. கையைத் தூக்குங்க, இறக்குங்க, மறுபடி தூக்குங்கன்னாங்க. எத்தனை நாளா இருக்குன்னு கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும்? உன் கட்டியைப் பத்தித்தானே நான் மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன்!

தங்கச்சி: நடிச்சேன்னு சொன்னியே...

அக்கா: அவங்ககிட்ட நடிக்கிறதுக்கு வழியே இல்லாமப் போச்சு. உன்கிட்டதான் நடிச்சேன்.

தங்கச்சி: அவசரம்னு எழுதினது உன்னை. வட்டம் போட்டது உனக்கு. அதை எடுத்துட்டு வந்து என்னை உள்ள தள்ளப் பாத்தியா? இது என்ன, எனக்குச் சின்னதாப் போச்சு நீ கட்டிக்கோன்னு கொடுக்கிற பாவாடையா?

அக்கா: கத்தாத. யோசிச்சுத்தான் பண்ணினேன். உன் பொண்ணுக்கு இன்னும் தானா தலை சீவிக்கக் கூடத் தெரியாது. என் பசங்க வளர்ந்துட்டாங்க. எனக்கே சமைச்சுப் போடுறாங்க.

தங்கச்சி: வளர்ந்துட்டா அம்மா வேண்டாமா? அம்மா போனப்ப உனக்குக் கல்யாணமாகி ரெண்டு குழந்தை. நீ வேண்டாம்னா சொன்ன? என்னை விட நீதானே அழுத?

அக்கா: அடுத்த வருஷம் கார்டு புதுசாகும். அப்ப நான் எடுத்துக்கறேன். ஒரு வருஷம்தானே...

தங்கச்சி: அம்மாவும் இப்படித்தான் சொன்னாங்க. 'அறுவடை முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்'னு. அறுவடையும் முடிஞ்சுது, அம்மாவும் முடிஞ்சாங்க.

அக்கா: அப்ப உனக்கு யாருடி இருக்கா? வண்டியை விக்கப் போறியா?

தங்கச்சி: வேண்டாம். அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், திட்டாத.

அக்கா: என்ன?

தங்கச்சி: அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலன்னு சொன்னேன்ல? போனேன். தேதி கொடுத்துட்டாங்க.

அக்கா: என்ன சொல்ற?

தங்கச்சி: அடுத்த மாசம் எனக்கு ஸ்கேன். காசு கிடையாது. அதுவரைக்கும் காத்திருக்க பயமா இருந்துச்சு. தேதி இருக்குன்னு தெரிஞ்சா நீ 'பொறுத்துக்கோடி'ன்னு சொல்லிடுவியோன்னு மறைச்சுட்டேன்.

அக்கா: நிஜமாவா? நீ எப்படித் தனியா... வரிசையில நின்னியா?

தங்கச்சி: காலையிலேருந்து நின்னேன். எனக்கு முன்னாடி ஒரு கர்ப்பிணிப் பொண்ணு மயங்கி விழுந்துட்டா. நான்தான் முகத்துல தண்ணி தெளிச்சேன். அதைப் பாத்துட்டு அங்க இருந்த ஒரு டாக்டர் என் பேரை முன்னால தள்ளிப் போட்டார். நல்ல மனுஷன். மொட்டைத் தலை.

அக்கா: அப்ப என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு.

தங்கச்சி: நர்ஸம்மா வந்துட்டாங்க. எழுந்திரு, அக்கா.

நர்ஸ்: டாக்டர் இடதுதான்னு சொல்லிட்டாங்க. யாரும்மா வரீங்க? ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுட்டு நின்னா எப்படி?

தங்கச்சி: இவங்கதான் நர்ஸம்மா. இவங்களுக்குத்தான் இடது பக்கம்.

நர்ஸ்: இது உங்க தங்கச்சின்னீங்களே?

தங்கச்சி: அக்கா. கார்டுல இருக்கிறதும் அவங்கதான். ஸ்கேன்னா அவங்களுக்கு ரொம்ப பயம். அதான் முன்னால நின்னு நானே பேசிட்டேன். பயத்துல என்னென்னவோ உளறிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

நர்ஸ்: பயப்படுறவங்களைப் பாத்தா எனக்குத் தெரியும். ம்... வாங்கம்மா நீங்க. கார்டோட மாத்தி மாத்தி விளையாடாதீங்க, எனக்குத்தான் வேலை போகும்.

அக்கா: அடுத்த மாசம் நிஜமாத்தானே? என்கிட்ட பொய் சொல்லலையே?

தங்கச்சி: உன்கிட்ட நான் எப்பக்கா பொய் சொன்னேன்? போ. வளையலைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போ.

அக்கா: அதை... பத்திரமா வச்சிரு. எங்கயும் போயிடாத.

தங்கச்சி: இங்கயேதான் உக்காந்திருப்பேன். காலைக் கூட ஆட்ட மாட்டேன்.

நர்ஸ்: என்னம்மா, காலை ஆட்ட மாட்டேன்னு சொன்னீங்க, நான் உள்ள போயிட்டு வரதுக்குள்ள? பெஞ்சுல இருக்கிற எல்லாரும் சேர்ந்து ஆடுறாங்க.

தங்கச்சி: அக்கா எப்படி இருக்காங்க?

நர்ஸ்: படுக்க வச்சாச்சு. கொஞ்ச நேரம் ஆகும். மெஷின்ல படுத்துக்கிட்டு உங்களைப் பத்தித்தான் பேச்சு. என் தங்கச்சிக்கு அடுத்த மாசம் தேதி கிடைச்சிருச்சு, அது போதும்னு. அழுகையும் சிரிப்புமா. அந்த அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்கேன் ரூம்லதான் என் கூடப் படிச்சவ இருக்கா. எந்தத் தேதின்னு சொல்லுங்க, அன்னைக்கு உங்களைப் பாத்துக்கச் சொல்றேன்.

தங்கச்சி: தேதியா... அது வந்து... நர்ஸம்மா, அந்த ஆஸ்பத்திரிக்கு இங்கேருந்து எந்த பஸ்ல போகணும்?