இருபத்திரெண்டு கப் பீன்ஸ்

இல்ல சார், டீயெல்லாம் வேணாம், நீங்க அயர்ன் பண்ற வேலையைப் பாருங்க. உங்க பொண்ணு யூனிஃபார்ம்தானே? போடுங்க. இன்னிக்காவது வருவாளான்னு கேக்கத்தான் ஸ்கூலுக்குப் போற வழியில எட்டிப் பாத்தேன். நாலு நாளாச்சே. இன்னும் கதவைச் சாத்திக்கிட்டுதான் இருக்காளா? சாப்பிட்டாளா? சரி, இருக்கட்டும், இப்பவே கூப்பிடாதீங்க.

ஸ்பானிஷா? நியாயமான கேள்வி. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஸ்பானிஷ் எதுக்குன்னு நானே பெரிய மேடத்தைக் கேட்டேன். எதிர்த்த ஸ்கூல்ல பிரெஞ்சு ஆரம்பிச்சுட்டாங்கன்னாங்க. அதுக்கு மேல காரணம் வேணுமா என்ன? நான் வெளிநாட்டுல பதினாலு வருஷம் ஒரு செடிப் பண்ணையில தொட்டி தூக்கிட்டு இருந்தவ. கூட வேலை பாத்தவங்க பூரா ஸ்பானிஷ் பேசறவங்க. எனக்குத் தெரிஞ்ச ஸ்பானிஷ் மொத்தமும் செடி, மண்ணு, உரம், அப்புறம் ரெண்டு மூணு கெட்ட வார்த்தை. மேடத்துகிட்ட செடியை மட்டும் சொன்னேன். மறுநாளே வாசல்ல போர்டு. செடி வழி ஸ்பானிஷ், செய்து பார்த்துக் கற்றல். கீழ, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு பழமொழி வேற. சுரைக்காய்க்கு ஸ்பானிஷ்ல என்னன்னு எவனாவது கேட்டுடுவானோன்னு எனக்கு ஒரு வாரம் தூக்கமே இல்ல.

செய்து பாக்கணும்னா மண்ணைத் தொடணும். தொட விட்டாத்தானே! அதுக்கு அப்பா அம்மா சம்மதக் கடிதம், மூணு பக்கம். நீங்களும்தான் கையெழுத்துப் போட்டீங்க. டூர் கூட்டிட்டுப் போறதுக்கே ஒரு பக்கம்தான் சார். ஒரு அம்மா கையுறை குடுத்து அனுப்பிச்சாங்க. இன்னொருத்தர், மண்ணு இல்லாம மண்ணைப் பத்திச் சொல்லித்தர முடியாதா மிஸ்ங்கறாரு. முடியுமே, நீச்சலைக்கூடப் பாயில படுத்தே கத்துக்கலாம்.

சரி, ஆளுக்கு ஒரு பேப்பர் கப், ஒரு பீன்ஸ் விதை. இருபத்திரெண்டு கப். வார்த்தையைச் சொல்லணும், உடனே அதைச் செய்யணும், அதான் முறை. தியெரான்னா மண்ணைத் தொடணும். ஓஹான்னா தோட்டத்து இலையைத் தடவணும், கசக்கி மோந்து பாக்கணும். அக்வான்னா தண்ணி ஊத்தணும். பிள்ளைங்களுக்கு அக்வாதான் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஒரு நாளைக்கு எட்டு தடவை, பத்து தடவை. மேடம் ஜன்னல் வழியாப் பாத்துட்டு, உச்சரிப்பு நல்லா வருதே, இன்னும் சொல்ல வைங்கன்னாங்க.

உங்க பொண்ணா? அவ அக்வான்னு கத்தவே மாட்டா. எல்லாரும் கப்பு கப்பா கொட்டுவாங்க, இவ ஒரு சின்ன மூடியில எடுத்து சொட்டு விட்டுட்டு, ஓரமா உக்காந்து பாத்துட்டே இருப்பா. தோட்டத்துல கிடக்கற இலையெல்லாம் பொறுக்கிட்டு வந்து, மிஸ், இது எந்தச் செடியோட ஓஹான்னு என் உசுரை வாங்குவா.

ஆமா, சனிக்கிழமை. நீங்க டியூட்டி, பாக்கல. ஹால்ல நீளமா மேசை. இருபத்திரெண்டு கப்புலயும் பச்சைப்பசேல்னு செடி, எல்லாம் ஒரே உயரம், ரிப்பன் கட்டி. விளையும் பயிர் முளையிலே தெரியும்னு மேடம் மைக்ல முழங்கறாங்க. ஒவ்வொரு பிள்ளையா வந்து, இது என் பீன்ஸ் செடின்னு ஸ்பானிஷ்ல சொல்லணும். வரிசையா சொல்லிட்டே வந்துச்சுங்க. உங்க பொண்ணு வந்தா. இலையைத் தடவினா. கசக்கினா. மோந்து பாத்தா. நோ எஸ் ஃப்ரிஹோல்னா. இது பீன்ஸ் இல்லைன்னு அர்த்தம். தப்பில்லாம, கணீர்னு, மைக்ல. வந்தவங்க ஒருத்தருக்கும் ஸ்பானிஷ் தெரியாதா, ஜோரா கைதட்டிட்டாங்க! அப்புறம் நம்ம மொழியிலயும் சொன்னா. இது என்னோடது இல்ல, என்னோடது எங்கன்னு. அப்பத்தான் கைதட்டல் நின்னுச்சு.

தெரியும் சார், டயரியில பொய் சொல்லி நிகழ்ச்சியைக் கெடுத்தாள்னு எழுதியிருந்தது. அதைப் படிச்சுட்டு நீங்களும் திட்டினீங்க. உங்களைக் குத்தம் சொல்ல வரல. மிஸ் எழுதினா அப்பா நம்பத்தானே செய்வாரு. மேடம் எழுதல, அது என் கையெழுத்து. அத்தனை பேர் முன்னாடி, பாப்பா பொய் சொல்லக் கூடாதுன்னு சொன்னதும் நான்தான்.

அவ சொன்னது நிஜம் சார். அது பீன்ஸ் இல்ல, தக்காளி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கப்பைத் தோண்டினேன், ஒரே அழுகல் நாத்தம். பதினாலு வருஷம் செடி வளத்தவளுக்கு, அவ்வளவு தண்ணி ஊத்தினா விதை அழுகும்னு தெரியாதா? தெரியும். உச்சரிப்பு நல்லா வருதேன்னு விட்டுட்டேன். நாளைக்குக் காலைல பெத்தவங்க வர்றாங்க, என்ன செய்வீங்களோ தெரியாதுன்னுட்டாங்க மேடம். ஆட்டோ புடிச்சு செடி நர்சரிக்கு ஓடினேன். பீன்ஸ் நாத்து கிடைக்கல. தக்காளி இருந்தது. அஞ்சு வயசுக்கு இலையில வித்தியாசம் தெரியவா போகுதுன்னு நினைச்சேன். நான் ஒழுங்கா சொல்லிக் குடுத்திருக்கேன்னு மறுநாள்தான் தெரிஞ்சுது.

சார், அயர்ன் பாக்ஸை நிமித்தி வைங்க, துணி கருகுது. மேடத்துகிட்ட அப்புறம் போலாம், நானும் வர்றேன், வேலையை விட்டு அனுப்பினா அனுப்பட்டும். முதல்ல நான் அவகிட்ட பேசணும். கதவை நீங்க தட்டறீங்களா, நான் தட்டட்டுமா?

இன்னொண்ணு சார். இருபத்தொண்ணுதான் அழுகினது. அவளோடது முளைச்சிருந்தது. ரெண்டு இலை, நல்லா தெம்பா. ஒண்ணு மட்டும் குட்டையா இருந்தா மேசை நல்லாருக்காதுன்னு அதையும் பிடுங்கினேன். அதை எங்கே போட்டீங்கன்னுதான் முதல்ல கேப்பா. குப்பைக் கூடையிலன்னு நானே சொல்லிக்கறேன், நீங்க சொல்லாதீங்க.