சிரிக்கும் இடத்தில் நின்ற படம்

பழைய படச்சுருளை முதலில் மூக்கால்தான் பார்க்க வேண்டும், சார். டப்பாவைத் திறந்ததும் அழுக்குக் காலுறை வாடை அடித்தால் சுருள் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். என்னுடையதில் வாடையே கிடையாது.

ஒரு வாரம்கூட ஓடாத குடும்பக் காமெடிப் படம். அப்பா, அம்மா, வீடு நிறையப் பிள்ளைகள், ஒரே குளியலறை, அவ்வளவுதான் கதை. ஓடாத படங்களின் பிரதிகளை அவற்றில் பூசிய வெள்ளிக்காகக் கரைத்துவிடுவார்கள். இதில் தப்பியவை இரண்டே. சேகரிப்பவர்களைக் கிறுக்காக்குவது அதுதான். ஒன்று என்னிடம், மற்றது ஓய்வுபெற்ற தியேட்டர் ஆபரேட்டரிடம்.

அதில் அம்மாவாக நடித்தவர் என் மாமியாரைப் பெற்றவர்.

"மாப்பிள்ளை, எங்கம்மா சிரிக்கிறத ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன்."

ஓட்டினால் கீறல் விழும் என்றேன். மாமியார் ஆபரேட்டரிடம் போய்க் கேட்டார். அவருக்குத் தாராள மனசு.

"உங்க மாமியாருக்குப் போட்டுக் காட்டிட்டு, காப்பி எடுத்து ஊருக்கே குடுத்துடலாம்னு இருக்கேன் தம்பி. பூட்டி வச்சு என்ன பண்றது?"

ஊருக்கே கிடைத்தால் என்னிடம் இருப்பது வெறும் டப்பா.

ஆபரேட்டர் வீட்டிலிருந்த பழைய ப்ரொஜெக்டரை நானே பழுதுபார்த்துத் தந்தேன். விளக்குக்கும் படத்துக்கும் நடுவே ஒரு சின்னத் தகடு உண்டு. அழகான ஏற்பாடு, சார். இயந்திரத்தின் வேகம் அதைத் தூக்கிப் பிடிக்கும். படம் நின்றால் தானாக விழுந்து சூட்டை மறைக்கும். அந்தக் காலச் சுருள் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். தகடு விழாதபடி கம்பியால் கட்டிவைத்தேன்.

"தகடு சரியா விழுதா தம்பி?"

"பாத்துட்டேன் அண்ணே."

எங்கே நிற்கும் என்பதும் தெரியும். அவருடைய சுருளைக் கையால் உருட்டிப் பார்த்திருந்தேன். ஜனம் சிரித்த ஒரே காட்சியை அந்நாளில் திரும்பத் திரும்ப ஓட்டியதில் ஓரத்துத் துளைகள் கிழிந்திருந்தன. ஒட்டுப் போடாமல் விட்டுவிட்டேன்.

பட்டப்பகலில் ஜன்னல்களை மூடி அறையை இருட்டாக்கினார்கள். "நீங்களும் உக்காருங்களேன், மாப்பிள்ளை." வேலை இருக்கிறது என்று வெளியே வந்து, வெளிச்சம் புகக் கூடாதே என்று கதவைத் தாழிட்டேன்.

இருவரும் சிரித்தார்கள். மாமியார் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு இயந்திரம் முக்கி நின்றது. கதவு தட்டப்பட்டது. "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார். நான் வெளியேதான் இருக்கிறேன் என்ற தைரியம்.

கொன்றேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தை என்னைப்போல் நேசித்தவன் யாருமில்லை. அந்தக் காட்சியில் அப்படி என்ன சிரிப்பு என்று கேட்கிறீர்கள். தெரியாது, சார். என் பிரதியை நான் ஒருதரமும் ஓட்டிப் பார்த்ததில்லை. கீறல் விழும்.